‘லேசா ராவினா உட்காந்துடும்’

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய பைக்குக்கு ஸ்பேர் தேடி அலைந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கும் வாசகம்தான் மேலே உள்ளது. யமஹா ஆர்எக்ஸ்100 தயாரிப்பு 1996-இல் நின்றது. யெஸ்டி பைக் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலையும் அதே ஆண்டில்தான் மூடப்பட்டது. வண்டிகள் மட்டும் நிற்கவில்லை. அசல் பாகம் கிடைக்காமல் சென்னைப் புதுப்பேட்டைக்கோ வேறு ஊர்ப் பழைய சாமான் கடைக்கோ போனால், கடைக்காரர் இன்னொரு வண்டியின் பாகத்தை எடுத்து நீட்டி, “லேசா ராவினா உட்காந்துடும்” என்பார். வாங்கி வந்தவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அரத்தை எடுப்பார்.

அந்த வாசகத்தில் பாதி உண்மை. ராவினால் பெரும்பாலும் உட்காரத்தான் செய்யும். எதை ராவுவது, எவ்வளவு ராவுவது, உட்கார்ந்தது அங்கேயே இருக்குமா என்ற மூன்றையும் கடைக்காரர் சொல்வதில்லை. வீட்டில் கைக்கருவிகளோடு இந்த வேலையில் இறங்கும் வாசகர்களுக்காக அந்த மிச்சப் பாதியை எழுதுகிறோம்.

முதலில் எதை ராவுவது என்பது. வண்டியில் இருப்பதும் வாங்கி வந்ததும் முட்டிக்கொள்ளும்போது, நாளைக்கே திரும்ப வாங்கக் கூடியது எதுவோ அதன்மேல்தான் அரம் பட வேண்டும். பிராக்கெட்டை ராவலாம், அதை மாட்டச் சேஸிஸில் இருக்கும் காதை ராவக்கூடாது. கேபிள் நுனியில் உள்ள உலோக முடிச்சான நிப்பிளை ராவலாம், லீவரை ராவக்கூடாது. வாஷரைத் தேய்க்கலாம், ஆக்ஸிலைத் தேய்க்கக்கூடாது. நடைமுறையில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. புதுசாகக் காசு கொடுத்து வாங்கியதைத் தொட மனசு வராமல், முப்பது வருஷ சேஸிஸில் எலிவால் அரம் என்ற மெல்லிய உருண்டை அரத்தை விட்டுவிடுகிறார்கள். புதுப் பாகம் பிறகு தேய்ந்து போகும், அடுத்து வருவதற்கு வேறு அளவு இருக்கும். அகலமாகிப்போன சேஸிஸ் துளை மட்டும் அப்படியே நிற்கும்.

அரத்தை எடுக்கும் முன் எடுக்க வேண்டியது வெர்னியர் என்ற அளவுகருவி. 0.02 மி.மீ. வரை காட்டும் சாதாரண வெர்னியர் போதும். வட்டமாக அமைந்த போல்ட் துளைகளை அளப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். 4 அல்லது 6 துளை இருந்தால் எதிரெதிர் துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து, ஒரு துளையின் விட்டத்தைக் கழித்தால் துளை வட்டத்தின் விட்டம் கிடைத்துவிடும். 3 துளை அல்லது 5 துளை இருந்தால் எதிர்த்துளை இருக்காது. அப்போது பக்கத்துப் பக்கத்துத் துளைகளை இதே முறையில் அளந்து, 3 துளைக்கு 1.155-ஆலும் 5 துளைக்கு 1.701-ஆலும் பெருக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட், டிஸ்க் எதுவானாலும் இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டால் பாதிப் பாகங்களை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

ஸ்ப்ராக்கெட் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம். துளை 1 மி.மீ. தள்ளியிருக்கிறது என்று நான்கு துளைகளையும் நீள்வட்டமாக ராவி மாட்டினால், அது மையத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே செயினின் தொய்வைக் கையால் பாருங்கள். ஒரு சுற்றுக்குள் ஓரிடத்தில் இறுகி எதிர்ப்பக்கம் தொய்ந்தால் ஸ்ப்ராக்கெட் மையம் விலகியிருக்கிறது. இறுகும் இடத்துக்கு அட்ஜஸ்ட் செய்தால் மற்ற இடத்தில் செயின் குதிக்கும். தொய்யும் இடத்துக்கு அட்ஜஸ்ட் செய்தால் ஒவ்வொரு சுற்றிலும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டை இழுத்து அதன் பேரிங்கைத் தின்னும். செயின் எண்ணையும் பார்க்க வேண்டும். 420, 428 இரண்டுக்கும் கண்ணி நீளம் 12.7 மி.மீ.தான். அகலமும் உருளையின் விட்டமும் வேறு. அதனால் 420 ஸ்ப்ராக்கெட்டில் 428 செயின் ஏறினாலும் சரியாகப் படியாது, பக்கவாட்டில் ஆடும். 428 ஸ்ப்ராக்கெட்டில் 420 செயின் ஏறாது. அதை ஏற்றுவதற்காகப் பல்லின் இரு பக்கமும் ராவி மெலிதாக்குகிறவர்கள் உண்டு. அப்படி ராவும்போது மேலோட்டக் கடினப்பூச்சு போய்விடும், பிறகு பல் கொக்கியாக வளைய அதிக நாள் ஆகாது.

இதிலிருந்து ஒரு பொதுச் சோதனையும் கிடைக்கிறது. எந்தப் பாகமானாலும் கண்ணில் படாத ஒரு மூலையில் அரத்தை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். கடித்தால் சாதா இரும்பு. கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் அது சூடேற்றிக் கடினமாக்கிய பாகம், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி மிருதுவாக்கிவிட்டு ராவுவது சில பட்டறைகளில் நடக்கிறது. அளவு சரியாக வரும். அந்தப் பாகத்தை அதன் வேலைக்குத் தகுதியாக்கிய கடினம் திரும்ப வராது.

கருவி நிறைய வேண்டாம். 4 அங்குல வைஸ், 10 அங்குலத் தட்டை அரம் முரட்டுப் பல்லில் ஒன்று, 8 அங்குல அரைவட்ட அரம் நடுத்தரப் பல்லில் ஒன்று, ஒரு எலிவால் அரம், ஊசி அரம் ஒரு செட், இரும்பு அறுக்கும் ஆக்ஸா, சென்டர் பஞ்ச், டிரில், துளைக்குள் மரை வெட்டும் எம்6, எம்8 (6, 8 மி.மீ.) டாப் செட். அரம் முன்னே தள்ளும்போது மட்டும்தான் வெட்டும். பின்னே இழுக்கும்போதும் அழுத்தினால் பல் மழுங்கும், அவ்வளவுதான். அலுமினியம் ராவும்போது பல்லிடுக்கில் தூள் அப்பிக்கொண்டு ராவும் பாகத்தின்மேல் கோடு இழுக்கும். முன்கூட்டியே அரத்தில் சாக்பீஸ் தேய்த்துவிட்டால் அப்பாது. ஆக்ஸா பிளேடில் அங்குலத்துக்கு 24 பல் என்பது பொது அளவு. வெட்டும் தகட்டின் கனத்தில் எப்போதும் குறைந்தது 3 பல் நிற்க வேண்டும். 1 மி.மீ. தகட்டில் ஒரு பல்தான் நிற்கும், உடனே உதிரும். தகட்டை இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே வைத்து மரத்தோடு சேர்த்து அறுத்தால் பிளேடும் பிழைக்கும், தகடும் சுருளாது.

இனி இன்ஜின் மவுண்டிங் பட்டை. வேறு இன்ஜினோ வேறு பட்டையோ மாட்டும்போது துளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகி நிற்கும். எலிவால் அரத்தால் பத்து நிமிஷம் இழுத்தால் போல்ட் நுழைந்துவிடும். முதல் நாள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வும் செயினின் இழுப்பும் சேர்ந்து, நீள்வட்டத் துளைக்குள் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். இன்ஜின் பின்னால் நகர்ந்து செயின் தொய்யும். இறுக்குவீர்கள், மறுபடி நகரும். கடைசியில் ராவிய துளையின் மெலிந்த ஓரத்தில் பட்டை விரியும். புதுப் பட்டை செய்வதற்கு ஒரு மதியம் போதும் என்பதால் இந்தக் கூத்து தேவையே இல்லை.

6 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (சாதா இரும்பு) பட்டை வாங்குங்கள். இன்ஜினை மரக்கட்டைமேல் ஏற்றி, முன் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் வரும்படி நிறுத்திய பிறகுதான் அளவெடுக்க வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பக்கவாட்டில் நேரான ஒரு கம்பியைப் படியவைத்து முன்னால் நீட்டிப் பார்த்தால் கோடு தெரியும். ஸ்வீட் பாக்ஸ் அட்டை ஒன்றைத் துளைகள்மேல் அழுத்திப் பிடித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பில் லேசாகத் தட்டினால் துளையின் வடிவம் அட்டையில் அப்படியே பதியும். அதைப் பட்டைமேல் ஒட்டிக் குறி போடலாம். குறி தெளிவாகத் தெரிய மயில்துத்தம் போதும். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து, எண்ணெய்ப்பசை போகத் துடைத்த இரும்பில் தடவினால் செம்பு நிறப் படலம் பிடிக்கும். அதன்மேல் ஊசியால் கீறிய கோடு வெள்ளிபோல் பளிச்சென்று நிற்கும். வேலை முடிந்ததும் கழுவி எண்ணெய் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே துரு. அலுமினியத்துக்கு இது ஆகாது, மார்க்கர் பேனாவே போதும்.

துளை மையத்தில் பஞ்ச் குத்தி, 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, 6, பிறகு கடைசி அளவு. 8 மி.மீ. போல்ட்டுக்கு 8.5 மி.மீ. துளை தாராளம். இடப் பட்டையையும் வலப் பட்டையையும் சேர்த்து வைஸில் பிடித்து ஒன்றாகத் துளையிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். பிட் மறுபக்கம் வெளியே வரும் கணத்தில்தான் பட்டையைக் கவ்விச் சுழற்றும். கையில் பிடித்துத் துளையிடுகிறவர்களின் விரல் போவது அப்போதுதான். உள்பக்கமாக வளையும் மூலை இருந்தால் முதலில் அந்த மூலையில் 6 மி.மீ. துளை போட்டுவிட்டு அதுவரைக்கும் ஆக்ஸாவால் அறுங்கள். கூரான உள்மூலையில்தான் விரிசல் பிறக்கும். கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே அறுத்து, மிச்சத்தை அரத்தால் கோடு வரை கொண்டுவந்து, எல்லா ஓரத்திலும் பிசிறு எடுத்தால் பட்டை தயார்.

மரை, அதாவது போல்ட்டிலும் துளையிலும் உள்ள திருகு வரி விஷயத்துக்கு வருவோம். வேறு வண்டிப் பாகத்தை மாட்டி வீணாக்கியவற்றில் பெரும்பகுதி மரையில்தான் போயிருக்கும். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரைகள். ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் வந்த வண்டிகளில் மெட்ரிக் மரைகள். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. ஆகவே எம்8 போல்ட் அந்தத் துளையில் நுழைந்து இரண்டு சுற்று சந்தோஷமாகப் போகும். எம்8-இன் மரை இடைவெளி 1.25 மி.மீ. 5/16 அங்குலத்தில் அங்குலத்துக்கு 22 மரை உள்ள பி.எஸ்.எஃப். என்ற பிரிட்டிஷ் வகையின் இடைவெளி சுமார் 1.15 மி.மீ. சுற்றுக்கு 0.1 மி.மீ. வீதம் விலகி, மூன்றாவது சுற்றில் கால் மில்லிமீட்டர் தாண்டிவிடும். மெட்ரிக் மரையின் கோணம் 60 டிகிரி, இதனுடையது 55 டிகிரி என்பது தனி. இறுகுகிறதே என்று ஸ்பானரில் பைப்பைச் செருகி முறுக்கினால், இரும்பு போல்ட் அலுமினிய மரையை உழுதுகொண்டே போகும். கழற்றும்போது போல்ட்டோடு மரையும் சுருளாக வெளியே வரும். மரை கழன்றவன் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ அவர் செய்கிற வேலை இது.

கண்டுபிடிப்பது எளிது. அளவு தெரிந்த ஒரு போல்ட்டையும் சந்தேகப்படும் போல்ட்டையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பல்லும் பல்லும் கடைசி வரை கவ்வி நின்று நடுவில் வெளிச்சம் தெரியாவிட்டால் ஒரே மரை. பாதியில் வெளிச்சம் கசிந்தால் வேறு. துளைக்குப் பொருந்துகிற போல்ட் எதுவானாலும் கடைசி வரை கையாலேயே திருகப்பட வேண்டும். ஸ்பானர் கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும்தான்.

புதிதாக மரை போட வேண்டியிருந்தால் எம்6-க்கு 5 மி.மீ. துளை, எம்8-க்கு 6.8 மி.மீ. துளை. டாப் செட்டில் நுனி அதிகம் சரிந்திருப்பது முதலில். முதல் இரண்டு சுற்றிலேயே நிமிர்ந்து நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள், பிறகு திருத்த முடியாது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றுங்கள், இரும்புக்கு எண்ணெய். உடைந்த டாப் இன்ஜின் கேஸுக்குள் மாட்டிக்கொண்டால் சாதாரண பிட் அதைத் தொடாது, ஆகவே கனமாக இருக்கிறது என்று கை உணர்ந்த இடத்தில் நிறுத்தி, வெளியே எடுத்து, தூளைத் தட்டிவிட்டுத் தொடருங்கள். அலுமினியத்தில் மரையின் ஆழம் போல்ட் விட்டத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு வேண்டும். மரை போன துளைக்கு அடுத்த பெரிய போல்ட் என்று ஓடாமல் ஹெலிகாயில் போடுவதே சரி. எம்8-க்கு 8.3 மி.மீ. பிட்டும் அதற்குரிய தனி டாப்பும் வேண்டும். உள்ளே போகும் எஃகுச் சுருள், பழைய அலுமினிய மரையைவிடப் பலமானது. இறுக்குவதிலும் நிதானம் வேண்டும். அலுமினியத்தில் எம்6 போல்ட்டுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். அதாவது 10 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 10 கிலோ அழுத்தம்.

ஸ்பார்க் பிளக்கும் மரைதான். 14 மி.மீ. பிளக் என்று கேட்டு வாங்கினால் மட்டும் போதாது. அதன் மரை நீளம் 12.7 மி.மீ., 19 மி.மீ. என்று இரண்டு முக்கிய வகை உண்டு. என்ஜிகே பிளக்கில் எச் என்ற எழுத்து முதல் வகையையும் ஈ என்ற எழுத்து இரண்டாவதையும் குறிக்கும். குட்டை ஹெட்டில் நீளப் பிளக் போட்டால் பிஸ்டன் வந்து முட்டும். இரண்டு வாஷர் போட்டுச் சமாளிப்பது தற்கொலை வேலை. அப்புறம் கண்ணாடி. யமஹாவில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை இடச்சுற்று. வேறு கம்பெனிக் கண்ணாடியை அதில் பலவந்தமாகத் திருகி, அலுமினிய வார்ப்புக் கிளாம்ப்பை உடைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மரையைத் திருப்பும் அடாப்டர் கடையில் கிடைக்கிறது.

சக்கரம் மாற்றுகிறவர்கள் ஆக்ஸிலை மெலிதாக ராவுவதைக் கேள்விப்படும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. அரம் இழுத்த ஒவ்வொரு கோடும் ஆக்ஸில் ஒடிவதற்கான தொடக்கம். பேரிங் பட்டியலைத் திறந்தால் பல நேரம் ராவவே வேண்டியிருக்காது. 6300 பேரிங்கின் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ. 6202-இன் உள்விட்டம் 15, வெளிவிட்டமும் அகலமும் அதேதான். 10 மி.மீ. ஆக்ஸில் போட்ட ஹப்பில் 15 மி.மீ. ஆக்ஸில் போட பேரிங்கை மாற்றினால் முடிந்தது. அதேபோல் 6302 என்பது 15, 42, 13. 6004 என்பது 20, 42, 12. இங்கே அகலத்தில் 1 மி.மீ. குறைவதைக் கணக்கில் எடுக்க வேண்டும், 6004 தாங்கும் சுமையும் கொஞ்சம் குறைவு.

பேரிங் பொருந்திய பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது, அதில்தான் தேர்ந்தவர்களும் விழுகிறார்கள். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஹப்புக்குள் ஒரு இடைக்குழாய் உண்டு. ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது அந்த அழுத்தம் ஒரு பேரிங்கின் உள்வளையத்திலிருந்து இந்தக் குழாய் வழியாக மறு பேரிங்கின் உள்வளையத்துக்குப் போக வேண்டும். பெரிய ஆக்ஸிலுக்கு மாறும்போது குழாயும் மாறும். அதைப் பைப்பில் அறுத்து ராவிச் செய்தால் முனை சதுரமாக வராது, நீளமும் கொஞ்சம் குறைந்துவிடும். குழாய் அரை மில்லிமீட்டர் குட்டையானாலும் நட்டை இறுக்க இறுக்க உள்வளையங்கள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கப்பட்டு குண்டுகள் பக்கவாட்டில் நெரிபடும். நட் தளர்வாக இருக்கும்போது சக்கரம் வழவழவென்று சுற்றும், இறுக்கியதும் கனக்கும். நாலு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹப்பைத் தொட்டால் சுடும். இந்தக் குழாயை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். நீளத்தை அளந்து எழுதிக்கொடுத்தால் எந்த லேத்திலும் இரண்டு முனையும் சதுரமாகச் சீவித் தருவார்கள்.

பேரிங் ஹப்பில் லூஸாக இருந்தால் உள்சுவரைச் சுற்றி சென்டர் பஞ்சால் குத்திக் குத்தி இறுக்கம் வரவழைப்பது நம் ஊர் வழக்கம். குத்திய மேடுகள் அலுமினியம், தாங்குவது பத்துப் பன்னிரண்டு புள்ளிகளில் மட்டும். சில நூறு கிலோமீட்டரில் அவை நசுங்கி, துளை முன்னைவிடப் பெரிதாகியிருக்கும். மிகச் சிறிய ஆட்டத்துக்குப் பேரிங் பிடிக்கும் திரவப் பசை போதும். அதற்கு மேல் போனால் லேத்தில் ஸ்லீவ் போட வேண்டும். பொருத்தும்போது ஹப்பைக் கொதிநீரில் போட்டுச் சூடாக்கி, பழைய பேரிங்கின் வெளிவளையத்தை மேலே வைத்துத் தட்டினால் தானே இறங்கும். உள்வளையத்தில் தட்டினால் புதுப் பேரிங் அங்கேயே பழசாகிவிடும்.

பிரேக்கில் அனுமதிக்கத்தக்க ராவல் இரண்டே. ஒன்று கேபிள் நிப்பிள். லீவரின் குழியில் நுழையாவிட்டால் நிப்பிளைச் சுற்றிச் சுற்றி ஊசி அரத்தால் குறைக்கலாம். நுழைந்தால் போதாது, லீவரை இழுக்கும்போது நிப்பிள் குழிக்குள் தானாகத் திரும்ப வேண்டும். பத்து முறை இழுத்து அருகில் வைத்துப் பாருங்கள். திரும்பாவிட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி நிப்பிளின் கழுத்தில் வளையும், உள் இழைகள் ஒன்றொன்றாக அறும், வெளியே எதுவும் தெரியாது. ஒருநாள் அவசரமாகப் பிடிக்கும்போது மொத்தமாகக் கையோடு வரும். அறுந்த பிரேக் கேபிளுக்கு வீட்டில் ஈயம் பற்றவைத்து நிப்பிள் போடுவதும் கூடவே கூடாது. இன்னொன்று, பிரேக் ஷூவின் புது லைனிங் முனை டிரம்மில் உரசிக் கிறீச்சிட்டால் அந்த முனையை லேசாகச் சரிவாக்குவது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஆகவே டிரம்மைத் திறந்ததும் வாயாலோ காற்றாலோ ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். லைனிங்கை ராவுவதானால் நனைத்து ராவுங்கள்.

தேய்ந்த ஷூவின் முனையில் தகரம் செருகி உயரம் கூட்டுவதும், டிரம் அளவுக்குச் சிறிய ஷூவை அப்படியே சமாளித்து ஓட்டுவதும் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். ஷூவை விரிக்கும் கேம் அளவுக்கு மீறித் திரும்பினால் நிமிர்ந்து நின்றுவிடும், திரும்பி வராது. சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதைவிட மோசமானது, வேறு வண்டியின் பிரேக் பிளேட்டை மாட்டிவிட்டு அதைச் சேஸிஸோடோ ஃபோர்க்கோடோ பிடிக்கும் டார்க் ஆர்முக்கு இடம் இல்லை என்று விட்டுவிடுவது. வீட்டு வாசலில் தள்ளிப் பார்க்கும்போது பிரேக் பிடிக்கும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பிடித்தால் பிளேட் முழுதும் சக்கரத்தோடு சுற்றி, கேபிளை அறுத்து, எங்கே மாட்டுகிறதோ அங்கே நிறுத்தும். டார்க் ஆர்முக்கு வழி இல்லையென்றால் அந்தப் பிளேட் அந்த வண்டிக்கு இல்லை.

கார்புரேட்டர் மாற்றும்போது துளைகள் பொருந்துவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், முகம் மட்டமாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டு நட்டையும் அளவுக்கு மீறி இறுக்கியே, கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ஃபிளாஞ்ச் வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். ஒரு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் 220-ஆம் எண் உப்புத்தாளை விரித்து, ஃபிளாஞ்ச் முகத்தில் மார்க்கரால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, 8 எழுதுவதுபோல் தேயுங்கள். இருபது சுற்றில் ஓரக் கோடுகள் அழிந்து நடுக்கோடு அப்படியே இருந்தால் வளைவு அவ்வளவு. எல்லாக் கோடும் மறையும்வரை தேய்த்து, 400-இல் முடித்து, பெட்ரோலில் கழுவ வேண்டும். இந்தச் சிரமம் எதற்கென்றால், அந்த இடுக்கில் நுழையும் காற்று பெட்ரோல் கலவையை மெலிதாக்கும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்தது என்றுதான் அர்த்தம். பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொண்டால் பின்சக்கரமும் பூட்டும். ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் இன்ஜின் வேகம் இறங்க நேரமெடுத்தால் முதலில் இந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் ஜன்னல்களை ராவி வேகம் கூட்டுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: விளிம்பைச் சரிவாக்கி மழுக்காமல் மூடினால் ரிங் அந்தக் கூரில் மாட்டி உடையும். திறந்த இன்ஜின் கேஸ் பக்கத்தில் எதை ராவினாலும் அதன் வாயைத் துணியால் அடைத்து, துணிமேல் கிரீஸ் தடவுங்கள். தூள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

பின் ஷாக் அப்சார்பரில் இரு முனையிலும் போல்ட் நுழையும் துளையான கண்ணிலிருந்து கண் வரை நீளம் ஒத்திருந்தால், கண்ணின் புஷ்ஷை மட்டும் மாற்றிப் போடலாம். ஒரு அங்குலம் நீளமானதைப் போட்டால் வண்டியின் முன்பாகம் குனிந்து ஹேண்டில் அலைபாயும். ஹாரன் பிராக்கெட், இண்டிகேட்டர் தண்டு, செயின் கவர், சீட் கொக்கி, டூல் பாக்ஸ் இவற்றில் கை வைக்கத் தயங்கவே வேண்டாம். கற்றுக்கொள்ள இவைதான் நல்ல இடம். ஸ்டியரிங் தண்டு, ஃபோர்க் குழாய், ஸ்விங் ஆர்ம், சேஸிஸ் நான்கிலும் வீட்டு அரத்துக்கும் வேலை இல்லை, தெருமுனை வெல்டிங்குக்கும் வேலை இல்லை.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த பாகத்துக்கு ஈடான பாகம் போடுவது வேறு, இன்ஜினையே மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும்.

பழைய ஸ்பேர் விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். “ஆர்எக்ஸ் மாடல்”, “புல்லட் டைப்” என்று சொல்லி விற்பதற்குப் பதில் பாகத்தின் மேலேயே சாக்பீஸால் எழுதிவிடலாம்: பேரிங் என்றால் எண், ஸ்ப்ராக்கெட் என்றால் துளை வட்ட விட்டமும் செயின் எண்ணும், ஷாக் அப்சார்பர் என்றால் கண்ணுக்குக் கண் நீளம், போல்ட் என்றால் மெட்ரிக்கா பிரிட்டிஷா என்பது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு வெர்னியரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் வாங்குகிறவரே அளந்துகொள்வார், மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடவும் மாட்டார். தங்கள் நாளிதழும் வாகனப் பக்கத்தில் புது வண்டிகளின் மைலேஜுக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு வாரத்தை எடுத்து, பேரிங் எண்களையும் மரை அளவுகளையும் ஒரு அட்டவணையாகப் போடலாம். வெட்டி எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பழைய பைக் பழுது பார்க்கும் சிலர்,
சென்னை.